பதினாறு வெள்ளையும் ஒரு மழைக்கோட்டும்

பல் டாக்டருக்கு வெள்ளையில் பதினாறு வகை தெரியும். செயற்கைப் பல் கட்டுவதற்கு முன்னால், பதினாறு மாதிரிப் பற்கள் கோத்த சட்டத்தை நோயாளியின் உதட்டோரம் பிடித்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இது கொஞ்சம் மஞ்சள் அடிக்கிறது, அது கொஞ்சம் சாம்பல் ஓடுகிறது என்று பத்து நிமிடம் ஆராய்வார். படகுப் பட்டறைக்கும் அதே சட்டத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அது வெளியே வந்ததுமே அவர் மனைவிக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது.

தகரக் கூரை போட்ட கொட்டகையின் நடுவே, எட்டு இரும்புக் கால்களின் மேல் அவருடைய பாய்மரப் படகு நின்றது. தண்ணீரில் இருக்கும்போது அது அவ்வளவு பெரிதாகத் தெரியாது. தரையில் ஏறினால் ஒன்றரை ஆள் உயரம். போன வருடம் இழுத்து வந்தபோது வலது பக்கம் முழுக்க உராய்ந்து, பனிச்சாம்பல் வர்ணம் பட்டை பட்டையாக உரிந்திருந்தது. பழைய பாயும் கிழிந்துபோய், மடித்து ஒரு மூலையில் கிடந்தது. இரண்டையும் புதிதாகச் செய்தாக வேண்டும்.

பட்டறையில் எல்லாரும் பெயின்ட் மாஸ்டர் என்று கூப்பிடும் மனிதர், வர்ண அட்டைகளை மேஜையில் சீட்டுக்கட்டு போலப் பரப்பினார்.

“அதே பனிச்சாம்பல்தான சார்? இல்ல, ஒரு பொட்டு நீலம் கலந்துக்கலாமா?”

“அதைத்தான் யோசிக்கிறேன்.” டாக்டர் பல் சட்டத்தை ஓர் அட்டையின் மேல் வைத்தார். “பாரு மாஸ்டர், இந்த மூணாவது பல்லுக்கும் உன் அட்டைக்கும் நடுவுல ஒண்ணு வேணும். கடலும் வானமும் சேர்ற இடத்துல ஒரு நிறம் இருக்கும் பாத்திருக்கியா? அது.”

“ஆரஞ்சு,” என்றாள் அவள்.

மாஸ்டர் அவளைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தார். “மேடம் தமாஷ் பண்றாங்க.”

“தமாஷ் இல்ல. படகோட உடம்பும் ஆரஞ்சு. பாயும் ஆரஞ்சு. செவப்பு கலந்த ஆரஞ்சு.”

“லேடீஸுக்கு எப்பவும் பளிச்சுனு இருக்கணும்,” என்று மாஸ்டர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. இருபது வருடமாக இதே சிரிப்பை எல்லா வீட்டம்மாக்களிடமும் சிரித்துப் பழகியவர். “துணிக்கடைன்னா நீங்க சொல்றதுதான் மேடம் சட்டம். படகுக்குன்னு ஒரு அடக்கம் வேணும்ல.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மூன்று வாரமாக இதேதான் நடக்கிறது. அவள் ஒன்றைச் சொல்கிறாள், கேட்பவர் காதில் வேறொன்றாகப் போய் விழுகிறது. அவள் உயிரைப் பற்றிப் பேசுகிறாள். அவர்கள் ரசனையைப் பற்றிப் பதில் சொல்கிறார்கள்.

அவளுக்கு நில அளவைத் துறையில் வேலை. இருபத்தாறு வருடமாக வயல்களிலும் பொட்டல்களிலும் கம்பு நட்டு, தூரத்தில் நின்று கண்ணாடி வழியாக அதைப் பார்ப்பதுதான் பிழைப்பு. அந்தக் கம்புக்கு சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி அடித்திருப்பார்கள். அழகுக்காக அடித்ததில்லை. அரை கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயத்தை ஒரு படித்த பல் டாக்டருக்குப் புரியவைக்க முடியவில்லையே என்பது அவளுக்குத் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது.

போன வருடம் நடந்தது இது. காலையில் தனியாகப் போனவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. சுக்கான் உடைந்து, கையில் இருந்த ரேடியோவில் தண்ணீர் புகுந்து செத்துப்போய், படகு நீரோட்டம் இழுத்த இழுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் வேலைத்தளத்திலிருந்து செருப்பில் மண்ணோடு துறைமுக அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே மேஜைமேல் ஒரு ரேடியோ. தேடிப் போன விசைப்படகிலிருந்து குரல் வரும்: “ஒண்ணும் கண்ணுல படலை, ஓவர்.” கொஞ்ச நேரம் இரைச்சல். மறுபடியும், “ஒண்ணும் கண்ணுல படலை, ஓவர்.” எதையும் எண்ணுவது அவள் பழக்கம். பதினொரு தடவை. பன்னிரண்டாவது தடவைதான் “இருக்காரு” என்ற வார்த்தை வந்தது.

பிறகு கணக்குப் பார்த்ததில், அந்த விசைப்படகு அவரை முந்நூறு மீட்டர் தள்ளி இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறது. அவர் கத்தியிருக்கிறார். சட்டையைக் கழற்றி ஆட்டியிருக்கிறார். சட்டையும் வெள்ளை.

இந்தப் பருவத்தில் அவர் மறுபடியும் தனியாகப் போகப் போகிறார். அரை நாள் இல்லை, நாலு நாள். போக வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வாரம் ஆறு நாள் அடுத்தவர் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் மனிதருக்கு அந்தக் கடல் எவ்வளவு தேவை என்று அவளுக்குத் தெரியும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தேடி வருகிறவன் கண்ணில் படும் நிறம்.

“புது ரேடியோ வாங்கியாச்சுல்ல,” என்றார் டாக்டர், அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்புறம் நிறத்துல என்ன இருக்கு?”

“போன வருஷமும்தான் ரேடியோ இருந்துச்சு.”

“இது தண்ணி புகாதது.”

“அதுவும் தண்ணி புகாததுன்னுதான் சொன்னீங்க.”

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். “திங்கக்கெழமை கொட்டகை உங்களுக்கு. வெள்ளிக்கெழமைக்குள்ள அடிச்சுக் காய வச்சு எறக்கிடணும். அடுத்த படகு வாசல்லயே நிக்குது. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துட்டுச் சொல்லுங்க.”

ரெண்டு பேரும் என்று சொல்லும்போது அவர் பார்வை டாக்டர் ஒருவர் மேல்தான் இருந்தது.

பாய் தைக்கும் கூடம் அடுத்த தெருவில், ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் விளையாட்டு அரங்கில் இருந்தது. வழவழவென்ற மரத்தரை. ஒரு குழி வெட்டி, தையல் எந்திரத்தை அதற்குள் இறக்கியிருந்தார்கள். தைப்பவரின் இடுப்புக்குமேல்தான் வெளியே தெரியும். பெரிய துணி தரையோடு தரையாக ஓட வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. கூடத்தை நடத்தும் பெண்மணி முழங்காலில் தோல் பட்டை கட்டிக்கொண்டு தரையில் தவழ்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்காமலே பேசினாள்.

“சனிக்கெழமை மத்தியானம் கத்தரி வைப்பேன். வெட்டுனதுக்கப்பறம் மனசு மாறுனா, ஜன்னலுக்குத் திரை தச்சுக்க வேண்டியதுதான்.”

டாக்டர் பாலாடை நிறத் துணி ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் ஆரஞ்சுத் துணியை எடுத்தாள். துணி அடுக்கில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது, யாரும் தொடாத மடிப்போடு.

“கையில வச்சுப் பாக்காதீங்கம்மா,” என்றாள் தையல்காரி. “பெயின்ட் வேற, பாய் வேற. பெயின்ட்டுமேல வெளிச்சம் விழும். பாய்க்குள்ள வெளிச்சம் பூந்து வெளிய வரும். ஜன்னல்ல பிடிச்சுப் பாருங்க.”

இருவரும் ஜன்னலுக்குப் போனார்கள். பாலாடை நிறம் வெளிச்சத்தில் தங்கமாகிவிட்டது. டாக்டரின் முகம் மலர்ந்தது. ஆரஞ்சு இன்னும் கொஞ்சம் ஆரஞ்சானது.

“ஏதோ ரோடு தோண்டுற எடத்துல நிறுத்தி வச்சிருக்கிற தட்டி மாதிரி இருக்கு,” என்றார்.

“அந்தத் தட்டிமேல யாராவது இதுவரைக்கும் இடிச்சிருக்காங்களா?”

“அதுக்காக ரோட்டுத் தட்டியில ஏறி உக்காந்துக்கிட்டுக் கடலுக்குப் போகவா?”

தையல்காரி குனிந்தபடியே சிரித்தாள். அவர் அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு, பெரிய மனது பண்ணும் குரலில், “சரி, உனக்காக ஒண்ணு பண்றேன். பாயோட ஓரத்துல ஒரு ஆரஞ்சுக் கோடு. இவ்வளவு அகலம்,” என்று நான்கு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

நாலு விரல். முந்நூறு மீட்டரில் ஒரு முழுப் படகே தெரியாமல் போயிருக்கிறது, இவர் நாலு விரலை நீட்டுகிறார். அவளுக்கு ஏதாவது ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும்போல இருந்தது. கைக்கெட்டிய தூரத்தில் துணி மட்டும்தான் இருந்தது. துணியை எறிந்தால் சத்தம்கூட வராது.

புதன்கிழமை டாக்டரின் அக்கா வீட்டில் சாப்பாடு. அக்காவுக்கு வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்யும் தொழில். கதவைத் திறக்கும்போதே, “என்ன தம்பி, படகு ஆரஞ்சாமே?” என்று கேட்டபடி திறந்தாள். சொன்னது யார் என்று கேட்கத் தேவையில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியபின், வழக்கம்போல அவர் அந்தக் கதையை எடுத்தார். ஒரு வருடத்தில் அது நன்றாக மெருகேறியிருந்தது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கையை விரிக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. “என் படகோட நிறம் அவ்வளவு பிரமாதம் அக்கா. தேடி வந்தவனுக்கே தெரியலை. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை.” அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவின் வீட்டுக்காரரும் சிரித்தார்.

“பதினொரு தடவை,” என்றாள் அவள்.

“எது?”

“ரெண்டு தடவைன்னு சொல்றீங்களே, அது உங்க கணக்கு. எனக்குப் பதினொரு தடவை.”

சிரிப்பு நின்றுவிட்டது. அக்காதான் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தாள். “அதுக்கில்லம்மா. உன் பயம் புரியுது. ஆனா ஆரஞ்சுக்கு எது ஒத்துப்போகும் சொல்லு. வேணும்னா துரு நிறம் பாப்போம். மண் நிறம். அதுலயும் ஒரு ஆரஞ்சு ஓடும், பாக்கவும் கௌரவமா இருக்கும்.”

“அக்கா, நீங்க சோபாவுக்குச் சொல்றீங்க.”

“என் தொழிலை நீ இவ்வளவு மட்டமா நினைச்சிருக்கன்னு எனக்குத் தெரியாது.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில் டாக்டர்தான் காரை ஓட்டினார். அக்காவை எடுத்தெறிந்து பேசிவிட்டாய் என்று அவர் சொல்வார், அப்போது பதிலுக்கு என்ன சொல்வது என்று அவள் வரிசைப்படுத்தி வைத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. வரிசை அப்படியே வீணாய்ப் போனது. சிக்னலில் நின்றபோது அவர் முன்னால் நின்ற வண்டியைக் காட்டி, “பாரு, அந்த வெள்ளை. அதுல ரெண்டு சொட்டு கறுப்பு,” என்றார்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இந்த மூன்று வாரமும் எல்லாரும் நிறத்தை எங்கே நின்று பார்த்தார்கள்? மேஜைமேல், ஜன்னலில், சிக்னலில். மிஞ்சிப்போனால் படகிலிருந்து பத்தடி தள்ளி, கொட்டகைக்குள். அவளும் அப்படித்தான். ஒரு தடவைகூட யாரும் தூரத்தை அளக்கவில்லை. இருபத்தாறு வருடம் தூரத்தை அளந்து சம்பளம் வாங்கியவள், வாயால் பேசிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் பெயின்ட் மாஸ்டரிடம் போய் நாலடிக்கு நாலடி பலகை இரண்டு கேட்டாள். ஒன்றில் பனிச்சாம்பல், ஒன்றில் செவ்வாரஞ்சு. மாஸ்டர் காரணம் கேட்டதற்கு, “துணிக்கடைக்கு” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்து தாடியைப் பார்த்தாள். போன வருடம் தேடிப் போன விசைப்படகை ஓட்டியவர் அவர். துறைமுகத்தில் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, தாடி என்றால் போதும். விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையைச் சொறிந்தார்.

“சாரை ரெண்டு தடவை உரசிட்டுப் போயிருக்கேன்மா. இன்னிக்கு வரைக்கும் அந்தப் பக்கம் போனா எனக்கு அது நெனப்புக்கு வரும். எப்ப போகணும் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, டாக்டர் அலைதடுப்புச் சுவரின் நுனியில் கையில் ரேடியோவோடு நின்றார். வரச் சம்மதித்ததற்கு ஒரே காரணம், தன் பக்கம் ஜெயிக்கும் என்ற நம்பிக்கை. பைனாகுலரை அவள் காரிலேயே பூட்டிவிட்டாள்.

“தேடறவன் கண்ணுல அது எப்பவும் ஒட்டிக்கிட்டு இருக்காது,” என்றாள். “வெறுங்கண்ணால பாருங்க. ஒவ்வொரு எரநூறு மீட்டருக்கும் படகை நிறுத்துவேன். ஒரு பலகையைத் தூக்குவேன். எந்த நிறம்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

“கண் டாக்டர்கிட்ட போற மாதிரி இருக்கு.”

“அப்படியே வச்சுக்கோங்க.”

அவள் ஏறிப்போன தாடியின் படகு சின்னது, சாம்பல் நிறம், தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தது. இருநூறு மீட்டரில் டாக்டர் இரண்டு பலகையையும் சரியாகச் சொன்னார். நானூறில் பனிச்சாம்பலுக்குக் கொஞ்சம் தயங்கி, “சாம்பல்” என்றார். பலகை என்று தெரிந்து சொன்னாரா, ஊகித்துச் சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம். அறுநூறில் பனிச்சாம்பலைத் தூக்கியபோது ரேடியோவில் குரல் வந்தது.

“பலகையைத் தூக்கு.”

“தூக்கிட்டுதான் நிக்கிறேன்.”

“சாய்ச்சுப் பிடிச்சிருப்ப. நேரா பிடி.”

“நேராதான் பிடிச்சிருக்கேன்.”

“காத்துல ஆடுது.”

“ஆடறது தெரியுதா?”

தாடி எங்கேயோ பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் ஆரஞ்சுப் பலகையை ஏற்றினாள். “ஆங், இது தெரியுது,” என்றது குரல், கொஞ்சம் எரிச்சலாக. அவளுக்குள் ஒரு பெரிய மூச்சு இறங்கியது. மூன்று வார மூச்சு அது.

எண்ணூறிலும் தெரிந்தது. ஆனால் ஆயிரத்தில் அவள் ஆரஞ்சைத் தூக்கிப் பிடித்து வெகு நேரம் ஆகியும் சத்தம் இல்லை. வெயில் மேற்கே இறங்க ஆரம்பித்திருந்தது. கடல் முழுக்கக் கசக்கி விரித்த தகரத்தாள் மாதிரி மின்னியது.

“ஏதோ கறுப்பா இருக்கு,” என்றார் கடைசியில். “மிதவையா?”

“ஆரஞ்சு,” என்றாள் அவள்.

“கறுப்பாதான் இருக்கு. ஒரு கட்டை மிதக்கிற மாதிரி. இதுக்காகவா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? உன் கம்பும் காணாமப்போச்சு பாத்தியா.”

அவள் பலகையைத் திருப்பிப் பார்த்தாள். கண்ணெதிரே கொழுந்துவிட்டு எரிகிற நிறம். வயலில் ஒருநாளும் ஏமாற்றாத நிறம். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவில் அது ஜொலிக்கும். எதிர்வெயிலில் தண்ணீருக்கு நடுவில் ஜொலிக்காது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? மூன்று வாரம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதும், அக்காவைப் பகைத்துக்கொண்டதும் இந்தக் கட்டைக்காகத்தானா? மகா எரிச்சலாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

“இன்னும் எரநூறு போங்க,” என்றாள் தாடியிடம்.

“எதுக்கும்மா? அதான் ரெண்டும் போச்சே.”

“போங்க.”

ஆயிரத்து இருநூறில் தாடி எந்திரத்தை அணைத்தார். படகு அலையின் பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் பலகை எதையும் தூக்கவில்லை. களைத்துப்போய், உட்காரும் பலகைமேல் சரிந்துவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் அலைதடுப்புச் சுவர் தெளிவாகத் தெரிந்தது. கரும்பாறை, அதன் நுனியில் வெள்ளைச் சட்டை. தூரம் அளக்கும் கருவியின் கண்ணாடி வழியாக, அவர் நெற்றியில் கைவைத்துப் பார்ப்பதுகூடத் தெரிந்தது.

ரேடியோ கரகரத்தது. “எங்க இருக்கீங்க?”

“அதே எடத்துலதான். நேர் எதிர்ல.”

“படகைக் காணோமே.”

“நான் உங்களைப் பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இப்ப வலது பக்கம் திரும்புறீங்க. அங்க இல்ல. நேரா பாருங்க.”

“நேராதான் பாக்கிறேன்.” கொஞ்சம் இரைச்சல். “எழுந்து நில்லு. கையை ஆட்டு.”

அவள் எழுந்து கையை ஆட்டினாள். இரண்டு கையையும் ஆட்டினாள். வெள்ளைச் சட்டை பாறையின் விளிம்புக்கு வந்தது. இன்னும் ஓரடி. அவள் “பின்னால போங்க” என்று சொல்ல வாயெடுப்பதற்குள் குரல் வந்தது.

“ஒண்ணும் கண்ணுல படலை.”

அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் அந்த அலுவலகத்தில் கேட்டதை வீட்டில் ஒருநாளும் வார்த்தை வார்த்தையாகச் சொன்னதும் இல்லை. கண்ணில் படாத ஒன்றைத் தேடுகிற மனிதனின் வாயில் அதுதான் வரும்போலிருக்கிறது. அவள் ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள். வேண்டுமென்று செய்யவில்லை.

“கேக்குதா? ஒண்ணும் கண்ணுல படலைன்னு சொல்றேன். ஏன் பேச மாட்டேங்கிற? தாடி இருக்காருல்ல பக்கத்துல?”

தாடிக்கே பொறுக்கவில்லை. உட்காரும் பலகைக்கு அடியில் கையைவிட்டு, எண்ணெய்க் கறை படிந்த பழைய மழைக்கோட்டு ஒன்றை இழுத்தார். மஞ்சளும் இல்லாத பச்சையும் இல்லாத, பார்த்தால் பல் கூசுகிற நிறம். மெல்லிய பிளாஸ்டிக். அதைத் துடுப்பின் நுனியில் மாட்டித் தலைக்குமேல் தூக்கினார். காற்று புகுந்து கோட்டு விரிந்தது. பின்னாலிருந்த வெயில் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது.

“அதோ,” என்றது ரேடியோ உடனே. “அதோ இருக்க. சரி. சரி. பாத்துட்டேன்.”

கரைக்கு வந்து சேரும்வரை அந்தக் கோட்டைத் தாடி இறக்கவே இல்லை.

அவர் இளகிவிடுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தால், காரில் அந்த எதிர்பார்ப்பும் காலி. முதல் பத்து நிமிடம் ஒரே வாதம்.

“வெயில் எதிர்ல இருந்துச்சு.”

“போன வருஷமும் அதே நேரம், அதே வெயில்தான்.”

“என் கண்ணாடியும் பழசு.”

“தாடிக்குக் கண்ணாடியே இல்ல. அவருக்கும்தான் நீங்க தெரியலை.”

“எப்படியும் உன் ஆரஞ்சும் தேறலை.”

“தேறலைதான். ஒத்துக்கிறேன். தேறுனது எதுன்னு சொல்லுங்க.”

அவர் வேகத்தைக் கூட்டினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். பிறகு, “பதினொரு தடவையா?” என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே பட்டறையில் இருந்தார்கள். மாஸ்டர் பனிச்சாம்பல் டப்பாவைத் திறக்கத் தயாராக வைத்திருந்தார். டாக்டர் தாடியிடம் இரவல் வாங்கிய மழைக்கோட்டை மேஜைமேல் விரித்தார். மீன் வாடை குப்பென்று அடித்தது.

“இந்த நிறம் வேணும்.”

மாஸ்டர் கோட்டைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், முதல் முறையாக அவளையும் பார்த்தார். “சார், இது குப்பை வண்டிக்கு அடிக்கிறது.”

“தெரியும்.”

“என் பட்டறையிலேர்ந்து இது வெளிய போனா யார் அடிச்சதுன்னு நாலு பேர் கேப்பாங்க சார்.”

“நான் சொல்லிக்கிறேன், என் பொண்டாட்டி அளந்து பாத்துச் சொன்னதுன்னு. தண்ணிக்கு மேல உடம்பு முழுக்க இது. பாயிலயும் மேல்பாதி இதுதான். வெயில் எதிர்ல அடிச்சா பாய்க்குள்ள பூந்து தெரியும், மத்த நேரத்துல உடம்பு தெரியும். பாய் தைக்கிற அம்மாகிட்ட காலையிலயே பேசிட்டேன். மத்தியானம் வெட்டறாங்க.”

“பாதியா?” என்றாள் அவள்.

“கீழ்ப்பாதி அலைக்குப் பின்னால மறைஞ்சிடும், தூரத்துலேர்ந்து தெரியாது. அது பாலாடையா இருந்துட்டுப் போகட்டும். நேத்து உக்காந்து கணக்குப் போட்டேன்.” பிறகு, “படகோட அறைக்குள்ள மட்டும் பனிச்சாம்பல் அடிச்சுக்கலாமா?” என்றார்.

“உள்ள என்ன வேணா அடிச்சுக்கோங்க.”

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மாஸ்டர் பெருமூச்சு விட்டபடி உள்ளே போய், அந்த நிறத்தில் இருந்த அட்டைகளைத் தேடி எடுத்து வந்தார். இரண்டு இருந்தன. அவள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரே அளவுக்குக் கண்ணை உறுத்தின. டாக்டர் மூக்குக் கண்ணாடியை மேலேற்றினார். தலையைச் சாய்த்தார். ஒரு கண்ணை மூடினார்.

“இது கொஞ்சம் பச்சை ஓடுது,” என்றார்.

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“இது கொஞ்சம் எலுமிச்சை. மாஸ்டர், ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு கலக்க முடியுமா? ஒரு நாலஞ்சு மாதிரி அடிச்சுக் காட்டேன். திங்கக்கெழமைக்குள்ள பாத்துடலாம்.”

“நாலஞ்சா?” என்றார் மாஸ்டர். அவர் குரலிலும் இப்போது அழுகை எட்டிப் பார்த்தது.

கைப்பையிலிருந்து பல் சட்டம் வெளியே வருவதை அவள் பார்த்தாள். மஞ்சள்பச்சைக்குப் பல் சட்டத்தில் என்ன இருக்கப்போகிறது என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. மேஜைக்குப் போய், இரண்டு அட்டையையும் அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

“ஏய், பாத்துக்கிட்டு இருக்கேன்ல.”

அவள் திரும்பிப் பார்க்காமல் கொட்டகையை விட்டு வெளியே நடந்தாள். இரும்புக் கால்களின்மேல் நின்ற படகுகளைத் தாண்டி, நங்கூரச் சங்கிலிக் குவியலைத் தாண்டி, வாசல் கேட் வரைக்கும். கால் பழகிய கணக்கில் முந்நூற்றுப் பத்து அடி எண்ணி வைத்தாள். எதிர்வெயிலாக நின்றுகொண்டு, ஒரு கைக்கு ஓர் அட்டையாக இரண்டையும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

கொட்டகை வாசலில் வெள்ளைச் சட்டை வந்து நின்றது. நெற்றியில் கைவைத்தது. வெகுநேரம் பார்த்தது. அவளுக்குத் தோள் கடுத்தது.

“இடது கை,” என்று அவர் கத்தினார்.

அவள் இறக்கப்போனாள்.

“இரு, இரு. வலதை இன்னும் கொஞ்சம் தூக்கு.”